காரைக்குடி வந்தால் ஒரு சாயங்காலம்: குடும்பத்தோடு செட்டிநாட்டு வீடு பார்க்க முழு வழிகாட்டி

காரைக்குடியில் குடியிருப்பதால் வருடத்துக்கு நான்கைந்து தடவையாவது வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் வந்து இறங்குவார்கள். வந்து காபி குடித்ததும் கேட்பது ஒன்றுதான்: "அந்தப் பெரிய வீடெல்லாம் எங்க இருக்கு, கூட்டிட்டுப் போப்பா." ஆரம்பத்தில் நானும் காலையிலேயே வண்டியைக் கிளப்பி, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிவிடுவேன். திரும்பி வரும்போது பெரியவர்களுக்குக் கால் வலி, பிள்ளைகள் பின் சீட்டில் தூக்கம், போனில் முந்நூறு படம். எந்தப் படம் எந்த வீடு என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

இப்போது நான் செய்வது வேறு. கோயில்களைக் காலைப் பொழுதுக்கு விட்டுவிடுகிறேன், வீடுகளுக்கு ஒரு முழு மாலை. அதிலும் உள்ளே போய்ப் பார்ப்பது ஒரே ஒரு வீடு, ஆத்தங்குடிப் பெரிய வீடு, அதை வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் நிதானமாக. மீதி எல்லாம் கானாடுகாத்தான் தெருவில் நடந்து வெளியிலிருந்து பார்ப்பது. இப்படிக் கூட்டிப்போனவர்கள்தான் வருஷம் கழித்தும் அந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த மாலையை எப்படி அமைப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

எப்போது வரலாம்

கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் நல்ல காலம். சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் வெயில் மூன்று மணிக்கும் தரையைக் காய்ச்சிக்கொண்டிருக்கும், வயதானவர்களை அப்போது அழைத்து வர வேண்டாம். ஆனால் கார்த்திகை, மார்கழியில் ஒரு சங்கடம் உண்டு. 6 மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். அந்த மாதங்களில் நான் கீழே சொல்லும் நேரம் ஒவ்வொன்றையும் அரை மணி முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, முக்கியமானது. இந்த வீடுகள் எல்லாம் தனியாருடையவை. சொந்தக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள், கல்யாணம், கோயில் திருவிழா, முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்பு என்றால் மொத்தக் குடும்பமும் வந்து இறங்கிவிடும். சினிமா ஷூட்டிங்குக்கு விட்டிருந்தாலும் வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள். அதனால் கிளம்பும் அன்று காலையில், நீங்கள் தங்கியிருக்கும் விடுதியிலோ உள்ளூர் டாக்ஸிக்காரரிடமோ "இன்னைக்கு ஆத்தங்குடி வீடு திறந்திருக்கா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டிரைவர்களுக்கு இதெல்லாம் விரல் நுனியில் இருக்கும்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, இரவில் காரைக்குடியில் கொண்டுவந்து விடும். மறுநாள் காலை பிள்ளையார்பட்டி, மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வு, பிறகு இந்த மாலை. இதுதான் சரியான வரிசை. டவுன் பஸ் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் பெரியவர்களும் கைக்குழந்தையும் கூட வந்தால் அரை நாளுக்கு ஒரு கார் பேசிவிடுங்கள். காரைக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் மூன்றும் ஒன்றுக்கொன்று அரை மணி நேரத்துக்குள் இருப்பதால் பெரிய செலவு வராது.

கிளம்பும் முன்

கழிப்பறை வேலையெல்லாம் காரைக்குடியிலேயே முடித்துக்கொள்ளுங்கள், கிராமத்துக்குள் நல்ல வசதி தேடி அலைய வேண்டியிருக்கும். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். கழற்றி மாட்ட எளிதான செருப்பு, ஏனென்றால் உள்ளே வெறுங்காலோடு நடக்க வேண்டியிருக்கும். குழந்தைகளுக்கு சாக்ஸ் போடாதீர்கள். பூக்கல், அதாவது பூ வேலைப்பாடு போட்ட ஆத்தங்குடித் தரைக்கல், கண்ணாடி மாதிரி வழுக்கும், என் தங்கை பையன் ஒருமுறை சாக்ஸோடு ஓடி, சறுக்கி, தூண் அடியில் போய் நெற்றியை இடித்துக்கொண்டான்.

வெறுங்காலோடு நடப்பதில் ஒரு லாபமும் இருக்கிறது. வெளியே அவ்வளவு வெயில் அடித்தும் உள்ளே தரை குளிர்ந்திருப்பதைக் கால்தான் முதலில் சொல்லும்.

2:30 மணி, பூக்கல் செய்யும் இடம்

நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். ஆத்தங்குடிக்குள் நுழைந்ததுமே பூக்கல் செய்யும் சின்னச் சின்னக் கொட்டகைகள் கண்ணில் படும், முதலில் அங்கே போங்கள். தரை எப்படி உருவாகிறது என்று பார்த்துவிட்டு அந்தத் தரையில் நடந்தால் பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வேலை நடக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

நாங்கள் கடைசியாகப் போனபோது ஒரு அண்ணன் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். முன்னால் ஒரு சதுரக் கண்ணாடித் துண்டு, துணியால் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். அதைச் சுற்றி ஒரு சட்டம், சட்டத்துக்குள் பூவும் இலையுமாகத் தகட்டை வளைத்துச் செய்த அச்சு. பக்கத்தில் கிண்ணங்களில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பு, தோசை மாவைவிட நீர்க்க. ஒவ்வொரு இதழுக்குள்ளும் கரண்டியால் ஊற்றி, சட்டத்தை லேசாக ஒரு ஆட்டு ஆட்டி, குழம்பு மூலை வரை ஓடியதும் அச்சை நேராக மேலே தூக்கினார். அச்சு போய்விட்டது, நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன, கலக்கவில்லை. என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்து தூவினார், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஈரக் கலவை வைத்து மட்டம் தட்டினால் ஒரு கல் முடிந்தது.

சூளை கிடையாது, சுடுவது கிடையாது. தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊற வைத்து, காயவைத்து, கண்ணாடியை எடுத்துவிடுவார்கள். அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு வருகிறது, தனியாக மெருகேற்றும் வேலை இல்லை. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க இன்னும் பளபளக்கும். அவ்வப்போது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத வீட்டில் தரை மங்கிப்போய்க் கிடப்பதற்கும் இதுதான் காரணம்.

அரை மணி நேரம் போதும். படம் எடுக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், வேலையின் நடுவில் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள், ஊற்றும் கை நின்றால் குழம்பு இறுகிவிடும். பிடித்திருந்தால் ஒன்றிரண்டு கல் விலைக்குக் கேட்டு வாங்கலாம், சாமி மாடத்துக்கோ துளசி மாடத்துக்கோ நன்றாக இருக்கும். கனம் அதிகம், ரயிலில் வந்தவர்கள் யோசித்து வாங்குங்கள்.

3:15 மணி, பெரிய வீடு

ஆத்தங்குடி அரண்மனை என்று எல்லோரும் சொல்வது லட்சுமி விலாஸ் என்கிற பெரிய வீட்டைத்தான். ராஜா யாரும் இருந்த இடம் இல்லை, ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பத்தின் வீடு. சிறிய கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள், மாலை 5 மணியோடு மூடிவிடுவார்கள். இந்த 5 மணியை மறந்துவிடாதீர்கள். எங்கள் உறவில் ஒரு மாமா மலேசியாவிலிருந்து வந்திருந்தார். அவருடைய தகப்பனார் பதிமூன்று வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் எடுபிடி வேலைக்கு, பினாங்குக்குக் கப்பல் ஏறியவர். அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்ட வளவையும் (உள்முற்றக் கட்டு) முகப்பையும் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு தூரம் வந்தார். வழியில் அங்கே இங்கே நின்று நாங்கள் போய்ச் சேரும்போது கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விடியற்காலை அவருக்கு விமானம். சாத்திய கதவில் கையை வைத்துக்கொண்டு அவர் நின்றது இன்னும் எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் சொல்கிறேன், 3:30க்குள் உள்ளே இருங்கள்.

உள்ளே போனதும் பத்து நிமிஷம் போனைப் பையில் வைத்துவிடுங்கள். முதலில் தலைவாசலில் நின்று நேரே உள்ளே பாருங்கள். ஒரு நிலைக்குப் பின்னால் இன்னொரு நிலை, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று ஒரே கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். செட்டிநாட்டில் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாகக் கட்டப்பட்டவை. பிள்ளைகளிடம் "எத்தனை நிலை தாண்டுறோம்னு எண்ணிட்டு வா" என்று சொல்லிவிடுங்கள், கை விடாமல் கூடவே வருவார்கள்.

முதலில் முகப்பு. இரண்டு பக்கமும் திண்ணை, நடுவில் கதவு. வெளியாட்கள், கணக்கு வழக்கு, வியாபாரப் பேச்சு எல்லாம் இங்கேயே. கதவும் நிலையும் தேக்கு, பர்மாவிலிருந்து வந்தது. நிலையின் மேல் கஜலட்சுமியைச் செதுக்கியிருப்பது இந்தப் பக்கத்து வீடுகளில் வழக்கம். செதுக்கலைப் பார்க்க அவசரப்படாதீர்கள், கீழே கிளி, கொடி, நடுவில் தாமரை என்று கண்ணை மேலே ஏற்றிக்கொண்டே போங்கள். சுவரைக் கையால் தடவிப் பார்க்கவும் சொல்லுவேன், சித்திரம் இல்லாத இடமாகப் பார்த்து. சுண்ணாம்பை நைசாக அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர். பளிங்கு என்றே நினைப்பீர்கள்.

அடுத்து பெரிய கூடம். இங்கேதான் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள், மர விதானத்தில் வண்ண வேலைப்பாடு அப்படி. அண்ணாந்தே நிற்காமல் கீழேயும் பாருங்கள், இப்போதுதான் பார்த்து வந்த பூக்கல் வீட்டில் எங்கெல்லாம் பதித்திருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துக் கத்துவார்கள்.

பிறகு வளவு. எனக்கு வீடு என்றால் இந்த இடம்தான். நடுவில் வானம் திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அறை. சீர் வந்த சாமான், நகை, வெள்ளி, பாத்திரம் எல்லாம் அந்த அறையில் பூட்டியிருக்கும். ஆட்கள் படுப்பதும் பேசுவதும் சாப்பிடுவதும் பெரும்பாலும் வெளியே தாழ்வாரத்தில். ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழிலும் வியாபாரமும் செய்ய, பர்மா, இலங்கை, மலேயா என்று போய் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வந்த காலத்தில் இந்த வளவை நடத்தியது ஆச்சிமார்கள்தான். நெல் வரவு, ஆள் கூலி, பிள்ளைகள் படிப்பு, கோயில் வரி, எல்லாம் அவர்கள் கணக்கில். கூரை ஓட்டில் விழும் மழைத் தண்ணீர் நாலா பக்கத்திலிருந்தும் இந்த முற்றத்துக்குத்தான் வரும், அதைப் பாத்திரங்களில் பிடித்து வைப்பார்கள். வறண்ட சீமை, ஒரு சொட்டையும் விட மாட்டார்கள்.

நான்கு மணி வாக்கில் வெயில் சாய்ந்து முற்றத்தின் ஒரு பக்கத் தூண்களில் மட்டும் விழும். தேக்கு மரம் அப்போது தேன் நிறத்துக்கு வரும். மத்தியானத்தில் வருகிறவர்களுக்கு இது கிடைக்காது, உச்சி வெயில் முற்றத்தின் நடுவில் விழுந்து கண்ணைக் கூசும், சுற்றிலும் எல்லாம் இருட்டாகத் தெரியும். மாலை என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான்.

இங்கே ஒரு தூண் அடியில் உங்கள் வீட்டுப் பெரியவர்களை உட்கார வையுங்கள், பேச விடுங்கள். எங்கள் ஆயா (பாட்டி) அங்கே உட்கார்ந்துதான் வற்றல் எங்கே காயும், கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் பலகாரம் சுட ஆரம்பிப்பார்கள், எந்தக் கட்டுக்கு மேல் சின்னப் பிள்ளைகள் போகக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். நான் நாற்பது வருஷமாகக் கேட்காத கதை. செட்டிநாட்டுக்காரர்களாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பழைய வீட்டில் வளர்ந்த யாருக்கும் அந்தத் தாழ்வாரம் எதையாவது ஞாபகப்படுத்தும். கைடு சொல்வதைவிட இதைக் கேளுங்கள்.

அதற்குப் பின்னால் சாப்பாட்டுக் கட்டு, கடைசியில் அடுப்படியும் கொல்லையும். பழைய அடுப்படிகளில் அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் ஒன்றுக்கு மேல் கிடக்கும், எத்தனை பேருக்குச் சமைத்திருப்பார்கள் என்று அதை வைத்தே கணக்குப் போடலாம். பூட்டிய அறைகளைத் தள்ளிப் பார்க்காதீர்கள், கட்டிலிலும் ஊஞ்சலிலும் ஏறி உட்காராதீர்கள்.

4:45 மணி, கானாடுகாத்தான் தெருக்கள்

காரில் ஏறிக் கானாடுகாத்தான். ரயில்வே ஸ்டேஷன் பெயர் செட்டிநாடு என்று இருக்கும், குழம்ப வேண்டாம். இங்கே எல்லோரும் தேடி வருவது செட்டிநாட்டு அரண்மனை, 1912இல் கட்டி முடித்தது, ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கட்டியது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவரும் அவர்தான். உள்ளே பொதுவாக விடுவதில்லை, அதற்காக வாசலில் நின்று கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். மாலையில் இந்த ஊருக்கு வருவது தெருவைப் பார்க்க.

காரை ஒரு ஓரமாக விட்டுவிட்டு நடங்கள். தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும், சில தெருக்களில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பக்கம் முழுக்க நான்கைந்து வீடுகள்தான். மேற்கு பார்த்த முகப்புகளில் 5 மணிக்கு மேல் மஞ்சள் வெயில் விழும், மாடி விளிம்பில் இருக்கும் சுதைப் பொம்மைகளின் நிழல் சுவரில் நீளும். குடும்பப் படம் எடுக்க வேண்டுமென்றால் இங்கே, இந்த நேரத்தில். யார் வீட்டுத் திண்ணையிலும் கேட்காமல் ஏறாதீர்கள், ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கும், உள்ளே ஒரு காவல்காரக் குடும்பம் சமைத்துக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு வீடுகளில் கேட்டால் சிறு தொகை வாங்கிக்கொண்டு முன்கட்டு வரை காட்டுவார்கள், கால் தாங்கினால் பாருங்கள்.

நல்ல வீட்டுக்குப் பக்கத்திலேயே கூரை இறங்கிய வீட்டையும் பார்ப்பீர்கள். பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததோடு அங்கே போட்டிருந்த முதல் பெரும்பாலும் போயிற்று. பிறகு குடும்பங்கள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைக்கப் போயின. ஒரு வீட்டுக்கு இப்போது பல புள்ளிகள் பங்குதாரர்கள், ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் சம்மதிக்காமல் ஓடு மாற்றுவதுகூட வருஷக்கணக்கில் நிற்கிறது. சில வீடுகளைப் பிரித்துத் தூணும் கதவும் ஜன்னலுமாக விற்றுவிட்டார்கள். 2014இல் செட்டிநாட்டுக் கிராமங்களின் பெயர் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியிருக்கிறது, அது நல்ல சேதி. இறுதிப் பட்டியலுக்குப் போவதற்குள் எத்தனை வளவு நிற்கும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. சில குடும்பங்கள் வீட்டைப் பழுது பார்த்து விடுதியாக்கியிருக்கின்றன. செலவு கட்டுப்படியானால் ஒரு இரவு அங்கே தங்குங்கள், நீங்கள் கொடுக்கும் வாடகை அந்த வீட்டின் ஓட்டுக்கும் சுண்ணாம்புக்கும் போகிறது.

நடந்து முடித்து ஊரணிப் படிக்கட்டில் பத்து நிமிஷம் உட்காருங்கள். ஊருக்கு ஊர் ஊரணி வெட்டி மழை நீரைத் தேக்கியவர்கள் இவர்கள், தெருவில் ஓடும் தண்ணீரும் வாய்க்கால் வழியாக அங்கேதான் போய்ச் சேரும். குழந்தைகள் படியில் இறங்காமல் ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள், பாசி இருக்கும்.

6:30 மணி, திரும்பி வந்து இடைப்பலகாரம்

கல்யாண வீடுகளில் மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் போடுவதை எங்கள் பக்கம் இடைப்பலகாரம் என்பார்கள். காரைக்குடிக் கடையில் நீங்கள் கேட்க வேண்டியது அதில் வரும் வெள்ளைப் பணியாரமும் மசாலாச் சீயமும். கோழி, நண்டு, மட்டன் சுக்கா எல்லாம் ராத்திரிக்கு இருக்கட்டும்.

வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியை உழக்கில் தலைதட்டி எடுத்து, அதன் மேலே நிற்கிற அளவு உளுந்தைக் கோபுரமாகக் குவித்து அளப்பார்கள், அதுதான் கணக்கு. ஊறவைத்து வெண்ணெய் மாதிரி அரைத்து, புளிக்க விடாமல், கரண்டியால் ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்றுவார்கள். ஓரம் சிவக்காமல் வெள்ளையாக உப்பி வர வேண்டும். கூடவே வரமிளகாய், பூண்டு, தக்காளி அரைத்த காரச் சட்னி. பிள்ளைகளுக்குக் காரம் தாங்காது, அவர்களுக்கு இனிப்பான கவுனி அரிசியோ கந்தரப்பமோ கிடைக்கிறதா பாருங்கள்.

சுடச்சுட அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள், பார்சல் கட்ட வேண்டாம். ஆறினால் பணியாரம் அமுங்கிப்போகும்.

தெம்பு மிச்சம் இருந்தால் நகருக்குள்ளேயே கொப்புடையம்மன் கோயில் இருக்கிறது, போகும் வழியில் ஒரு கும்பிடு. ஆயிரம் ஜன்னல் வீட்டையும் கம்பன் மணிமண்டபத்து வளாகத்தில் இருக்கும் தமிழ்த்தாய் கோயிலையும் மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி இருட்டில் ஓட வேண்டாம். பழைய சாமான் விற்கும் முனீஸ்வரன் கோயில் தெருவும் அப்படித்தான். அங்கே சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் கதவுகளைப் பார்க்கும்போது, நேற்று எண்ணிக்கொண்டு வந்த நிலைகள் பிள்ளைகளுக்கு ஞாபகம் வரும். என் மகள் ஒரு கதவின் பக்கத்தில் நின்று, "இது எத்தனாவது நிலைப்பா?" என்று கேட்டாள்.